சாம்பலும் சாம்பரும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை கேள்விகள் ஒரே சொல்லைச் சுற்றிக் குவிந்ததற்கு நாங்களே காரணம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் வெளியான ஆங்கிலக் கதையொன்றில், சாம்பல் நிறத்தைக் குறிக்கும் ‘கிரே’ என்ற சொல் முதற் பத்தியில் ஏ எழுத்துடனும் இறுதிப் பத்தியில் ஈ எழுத்துடனும் அச்சாகியிருந்தது. பூனை ஒன்றுதான்; அதன் நிறத்துக்குத்தான் இரண்டு எழுத்துக்கூட்டல். எது சரி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இங்கே ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே தமிழில் தருகிறோம்: ஜி-ஆர்-ஏ-வை என்பதை ஏ வடிவம் என்றும், ஜி-ஆர்-ஈ-வை என்பதை ஈ வடிவம் என்றும் கொள்க.

கேள்வி (ஒரு தாய், தலவாக்கலை): என் மகள் தரம் 8இல் படிக்கிறாள். மழைக்கால வானத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ‘கிரே’ என்பதை ஏ போட்டு எழுதியிருந்தாள். பாடசாலை டீச்சர் சிவப்பு மையால் சுழித்து ஈ என்று திருத்திவிட்டார். டியூஷன் வகுப்பில் படிப்பிக்கும் சேரோ, மகள் எழுதியதும் சரிதான் என்கிறார். கொப்பியை வைத்துக்கொண்டு பிள்ளை அழுகிறாள். நாங்கள் யாருடைய சொல்லை எடுப்பது?

பதில்: டீச்சரும் சேரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பாடசாலைகளில் ஆங்கிலம் பிரித்தானிய எழுத்துமுறையைத் தழுவியே கற்பிக்கப்பட்டு வருகிறது; அம்முறையில் இன்று வழங்குவது ஈ வடிவம். டீச்சர் சொன்னது அது. ஏ வடிவமும் ஆங்கிலச் சொல்தானே என்று கேட்டால், சந்தேகமின்றி ஆங்கிலச் சொல்தான். ஐக்கிய அமெரிக்காவில் அதுவே பெருவழக்கு. சேர் சொன்னது அது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஒரு சொல்லில் ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருந்தால் அதைப் போலி என்கிறோம். கடைப்போலிக்கு வகுப்பில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் எவை? பந்தல் – பந்தர். சாம்பல் – சாம்பர். உங்கள் மகள் அழுத சொல்லே நம் இலக்கண வகுப்பிலும் இரண்டு உருவத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் மாறுவது நடுவெழுத்து என்பதால், நம் கணக்கில் அதை ‘அமச்சு – அமைச்சு’ என்பதைப் போன்ற இடைப்போலி எனலாம். உச்சரிப்பிலும் பொருளிலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இந்த இரட்டை எப்படி வந்தது என்பது சுவையான கதை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் நடுவே ஏயும் ஈயும் ஒட்டிப் பிறந்த ஒரே எழுத்து இருந்தது. அந்த எழுத்தின் பெயர் ‘ஆஷ்’. அது அடுப்புச் சாம்பலைக் குறிக்கும் ஆஷ் அன்று, ஆஷ் என்ற மரத்தின் பெயர். ஆயினும் சாம்பல் நிறச் சொல்லுக்கு இப்படியோர் எழுத்து வாய்த்ததை எண்ணிச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பிற்காலத்தில் அந்த எழுத்து வழக்கொழிந்தபோது, எழுதியவர்களில் சிலர் ஏயை எடுத்துக்கொண்டார்கள், சிலர் ஈயை எடுத்துக்கொண்டார்கள். அப்போது ஐக்கிய அமெரிக்கா என்றொரு நாடே இல்லை. ஆகவே ஏ வடிவம் அமெரிக்கர் செய்த திரிபு என்று யாராவது சொன்னால் அது வரலாற்றுக்கு ஒவ்வாத பேச்சு.

இதைவிட வியப்பு அடுத்தது. 1755இல் இலண்டனில் பேரகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அமெரிக்க வழக்குகளை ஏளனம் செய்த பச்சை ஆங்கிலேயர். அவர் முதன்மை கொடுத்தது ஏ வடிவத்துக்கே. அவருக்குப் பின்வந்த ஆங்கிலேய அகராதிக்காரர்களும் அவ்வழியே போனார்கள். ஆனால் மக்கள் அகராதியைப் பார்த்து எழுதவில்லை. இன்று ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி என்று நாம் அறியும் பெருநூலைத் தொகுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மரே, 1893ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இச்சொல்லை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்று விசாரித்தார். பதில்கள் ஏராளமாக வந்தன. அகராதிகள் அனைத்தும் ஏ என்று சொல்லியிருந்தும், பிரித்தானியாவில் ஈ வடிவமே மிகுதியாக வழங்குகிறது என்பது அவற்றிலிருந்து தெரிந்தது. ‘டைம்ஸ்’ நாளிதழின் அச்சகத்தார் தாங்கள் ஏ போடுவதாகச் சொன்னார்கள். ஸ்பொட்டிஸ்வுட், கிளவுஸ் என்ற இரு பேரச்சகத்தார் எப்போதும் ஈ போடுவதாகச் சொன்னார்கள். ஒரே நகரத்தின் அச்சுக்கோப்பவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்ற சொல்லை ஒரு மலையகத்துச் சிறுமி மாற்றி எழுதியது பெருங்குற்றமாகாது.

மரேக்குப் பதில் எழுதியவர்களில் பலர் வேறொன்றும் சொன்னார்கள். தாங்கள் இரண்டு வடிவத்தையும் கையாள்வதாகவும், இரண்டும் தமக்கு ஒரே நிறம் அல்ல என்றும் அவர்கள் எழுதினார்கள். மென்மையான, வெளிறிய சாயலுக்கு ஈ. அதனினும் அழுத்தமானதற்கு ஏ. வேறு சிலருக்கு ஏ வடிவம் சிவப்போ கபிலமோ கலந்த, சூடான நிறம். இந்த வேறுபாட்டை எந்த அகராதியும் விதியாக்கவில்லை, ஆக்கவும் வேண்டியதில்லை. ஆனால் விடியற்காலையில் ஹக்கல மலையின் இடுப்பில் கிடக்கும் பனிமூட்டத்தையும், லயத்துக் காம்பராவில் இரவு முழுவதும் கனன்று அடங்கிய விறகடுப்பின் சாம்பலையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கடிதக்காரர்கள் சொல்ல வந்தது என்னவென்று விளங்கும். இரண்டையும் நாம் சாம்பல் நிறம் என்றே சொல்கிறோம், இரண்டும் ஒன்றல்ல.

இனி உங்கள் வீட்டுச் சிக்கல். பரீட்சைக்கும் பாடசாலைக்கும் மகள் ஈ வடிவத்தையே எழுதட்டும். டீச்சருடன் இதற்காக வாதாட வேண்டாம். ஒரு பாடசாலை ஒரு முறையைத் தேர்ந்து அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கேட்பது நியாயமே. அதே நேரம், மகள் எழுதியது ‘பிழை’ அல்ல, ‘நம் பாடசாலையில் வழங்காத வடிவம்’ என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சிவப்பு மைக்கு இந்த வேறுபாட்டைக் காட்டத் தெரியாது, தாய்க்குத் தெரியும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதினால் மட்டும் அது தவறு. அந்தத் தவறைச் செய்தவர்கள் நாங்கள்.

கேள்வி (ஒரு மாணவர், கம்பளை): எந்த நாட்டுக்கு எது என்று நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டா?

பதில்: அமெரிக்காவின் ஆங்கிலப் பெயர் ஏயில் தொடங்குகிறது, இங்கிலாந்தின் பெயர் ஈயில் தொடங்குகிறது. அவ்வளவுதான். ‘கிரேஹவுண்ட்’ என்ற வேட்டைநாயின் பெயரை மட்டும் அமெரிக்கர்களும் ஈ இட்டே எழுதுவார்கள். அப்பெயரின் முற்பாதிக்கும் நிறத்துக்கும் பிறப்பிலேயே தொடர்பில்லை.

கேள்வி (தேயிலைத் தொழிற்சாலையொன்றின் கிளாக்கர், ஹட்டன்): எங்கள் ஸ்டோரிலிருந்து தூள் வாங்கிப் பொதிசெய்யும் ஒருவர், அமெரிக்காவுக்கு அனுப்பும் பைக்கற்றுகளுக்கு வாசகம் எழுதித் தரச் சொன்னார். வாசனை கூட்டிய ‘ஏர்ல் கிரே’ தேயிலையும் அதில் ஒன்று. அமெரிக்காவுக்குப் போவதால் அதை ஏ போட்டு எழுத வேண்டுமா? ‘ஃபிளேவர்’, ‘கலர்’ என்ற சொற்களில் யூ எழுத்தை எடுத்துவிட வேண்டுமா?

பதில்: ஏர்ல் கிரேயில் கை வைக்காதீர்கள். அது நிறத்தின் பெயர் அன்று, ஆளின் பெயர். 1830 முதல் 1834 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த சார்ள்ஸ் கிரே பிரபுவின் பெயரால் அத்தேயிலை வழங்குகிறது. தேயிலைக்கு அந்த மணத்தைத் தருவது இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியில் விளையும் பெர்கமொட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் தோலெண்ணெய். அவருடைய குடும்பப் பெயரில் ஈ இருக்கிறது. அமெரிக்கக் கடைகளிலும் அது ஈயுடன்தான் விற்கப்படுகிறது. பெயர்களுக்கு எழுத்துமுறை கிடையாது, உரிமையாளர்தான் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கவிஞர் தாமஸ் கிரே தூய ஆங்கிலேயர், அவர் பெயரிலோ ஏ. எங்கள் ஊரில் ஒரே தெருவில் குமாரவேல் ஒருவரும் குமரவேல் ஒருவரும் இருந்தார்கள். ஒருவருடைய தபாலை மற்றவர் வீட்டில் கொடுத்தபோதெல்லாம் சண்டைதான்.

ஃபிளேவரும் கலரும் பெயர்கள் அல்ல, பொதுச் சொற்கள். வாங்கிக் குடிக்கப்போகிறவர் அமெரிக்கர் என்றால் அவர் கண்ணுக்குப் பழகிய ஓ-ஆர் முடிவையே பைக்கற்றில் போடுங்கள். ஓ-யூ-ஆர் முடிவை அவர் பிழை என்று கொள்ளமாட்டார், ஆனால் ஒரு கணம் தயங்குவார், விற்பனைக்கு அந்தத் தயக்கம் வேண்டாதது. கொழும்பு ஏலத்துக்குப் போகும் காகிதங்கள் வேறு. அந்த ஏலம் 1883இல் தொடங்கிய நாளிலிருந்து பிரித்தானிய ஆங்கிலத்தில் வளர்ந்தது. அங்கே யூவை நீக்கவேண்டிய தேவை இல்லை. சுவைபார்ப்பவர்கள் வடித்த சாயத்தைச் சொல்லும் ‘லிக்கர்’ என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும்: அதன் முடிவு எந்த நாட்டிலும் ஓ-ஆர்தான். கலருக்கும் ஃபிளேவருக்கும் பக்கத்தில் நிற்பதால் அதற்கும் ஓ-யூ-ஆர் போட்டுவிட்ட அறிக்கைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

உங்கள் தொழிலில் இந்த நிறச்சொல்லுக்கு இன்னோரிடமும் உண்டு. சலிக்கும்போது அளவுக்கு மீறி உரசுப்பட்டுக் கருமை மங்கிப்போன தூளைச் சுவைபார்ப்பவர்கள் ‘கிரே’ என்று குறைசொல்வார்கள். இலையைத் தாக்கும் ஒரு நோய்க்கும் ‘கிரே பிளைட்’ என்று பெயர். இரண்டையும் இங்குள்ள அறிக்கைகளில் ஈ வடிவத்திலேயே எழுதுங்கள். குறையைச் சொல்லும் சொல்லைப் பைக்கற்றில் யாரும் அச்சிடப் போவதில்லை என்பதால், அமெரிக்க வடிவத்தைப் பற்றிய கவலை அங்கே எழாது.

கேள்வி (கணினி வகுப்பு மாணவர், பண்டாரவளை): இணையப் பக்கத்துக்கான நிரலில் ‘கலர்’ என்பதை நம் நாட்டு வழக்கப்படி யூவுடன் எழுதினேன். நிறம் மாறவே இல்லை. அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. நிரலுக்கும் நாடு உண்டா?

பதில்: உண்டு, அது அமெரிக்கா. இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். நிரலில் அந்தச் சொல்லுக்கு யூ இல்லாத வடிவம் மட்டுமே செல்லும். எந்திரம் சூழலைப் பார்த்துப் பொருள்கொள்ளாது. ‘கிரே’ விஷயத்தில் மட்டும் எந்திரமே தடுமாறியிருக்கிறது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் பழைய 16 நிறப் பெயர்களில் அது ஏ வடிவத்தில் இருந்தது. பின்னர் சேர்ந்த நீண்ட பட்டியலில் கருஞ்சாம்பல் ஏயுடனும் இளஞ்சாம்பல் ஈயுடனும் நுழைந்துவிட்டன. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இளஞ்சாம்பலை ஏ போட்டு எழுதினால் வேலை செய்யாது. இப்போதைய சி.எஸ்.எஸ். தரம் இரண்டு வடிவங்களையும் ஏற்றுக்கொள்கிறது. எங்கள் சிறுவர் பக்கத்துப் பூனைக்கு நேர்ந்ததே அங்கும் நேர்ந்திருக்கிறது என்பதில் எங்களுக்குச் சிறிது ஆறுதல்.

கேள்வி (ஓய்வுபெற்ற அதிபர், பதுளை): நாற்பது ஆண்டு ஆங்கிலம் படிப்பித்தவன் நான். அமெரிக்கர்கள் ஒரு நல்ல மொழியை வெட்டிச் சிதைத்துவிட்டார்கள். நீங்கள் நடுநிலை பேசி அதற்குத் துணைபோக வேண்டாம்.

பதில்: ஐயா, தங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறோம், கருத்துக்கு முழுமையாகத் தலையாட்ட இயலவில்லை. வெட்டியவர் ஒருவர் இருந்தார் என்பது மெய். அவர் நோவா வெப்ஸ்டர். 1783இல் பாடசாலைக்கான எழுத்துக்கூட்டல் நூலும், 1828இல் ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட பேரகராதியும் வெளியிட்டவர். தனிநாடு ஆகிய மக்களுக்குத் தனி எழுத்துமுறை வேண்டும் என்பது அவர் கொள்கை. கலரிலிருந்து யூவை நீக்கியதும், ‘சென்டர்’ என்பதன் கடைசி இரண்டெழுத்துகளை இடம்மாற்றியதும் அவர் வழியாக நிலைத்தன. ஆனால் நாக்கைக் குறிக்கும் சொல்லை டி-யூ-என்-ஜி என்று அவர் சுருக்கியபோது அவருடைய நாட்டவரே ஏற்கவில்லை. ஒரு தனி மனிதர் வெட்டியதில் மக்கள் ஒப்பியது மட்டுமே நின்றது.

பிரித்தானியர் வெட்டவில்லையா? தாங்கள் மதிக்கும் ஜான்சன், தவறு, பேரரசர், ஆளுநர் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஓ-யூ-ஆர் என்றே முடித்தார். அவற்றிலிருந்த யூவை இன்று இலண்டனில் எவரும் எழுதுவதில்லை. ‘ஹியூமர்’ என்பதில் யூவை வைத்துக்கொண்டு, அதிலிருந்து பிறந்த ‘ஹியூமரஸ்’ என்பதில் விட்டுவிடுவதும் பிரித்தானியர்தாம். வினைச்சொல்லின் இறுதியில் வரும் ‘ஐஸ்’ என்ற விகுதியை இசட் இட்டு எழுதினால் அமெரிக்கத்தனம் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் கிரேக்க மூலத்தைக் காட்டி இசட்டையே இன்றும் விரும்பி அச்சிடுகிறது. ‘புரோகிராம்’ என்பதன் இறுதியில் உள்ள எம்-ஈ பிரெஞ்சு மொழியைப் பார்த்துப் பின்னால் ஒட்டியது. அந்த வாலில்லாத வடிவமே ஆங்கிலத்தில் முந்தியது. கந்தகத்தின் பெயரில் பீ-எச் இருந்த இடத்தில் எஃப் போட 1992இல் பிரித்தானியாவின் வேதியியல் கழகமே இணங்கிவிட்டது.

எழுத்து மாறும்போது மனம் வலிப்பது இயல்பு. னை, லை, ணை முதலியவற்றைத் தும்பிக்கை வைத்து எழுதிய தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெரியார் 1935இல் தம் இதழில் கையாளத் தொடங்கிய மாற்றத்தை 1978இல் தமிழ்நாட்டரசு ஆணையாக்கியது. ஒரு தாத்தாவின் கடிதத்திலுள்ள தும்பிக்கை எழுத்தைப் பிழை என்று திருத்துகிற பேரப்பிள்ளையையும், பேரப்பிள்ளையின் எழுத்தைச் சிதைவு என்கிற தாத்தாவையும் தாங்கள் ஒரே தட்டில்தான் வைப்பீர்கள். ‘கிரே’யைப் பொறுத்தவரையில் இந்த வழக்கும் எழாது: வெப்ஸ்டர் ஏ வடிவத்தைப் புதிதாகச் செய்யவில்லை, ஜான்சன் வைத்திருந்த இடத்திலேயே அவரும் வைத்தார். நகர்ந்து போனவர்கள் பிரித்தானியர்.

கேள்வி (தோட்ட அலுவலகப் பணியாளர், மஸ்கெலியா): எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி, ‘செக்ரோல்’ என்பதன் முற்பாதியைக் கியூ-யூ-ஈ போட்டுத் தட்டச்சு செய்கிறார். சீ-கே போடுவது அமெரிக்க முறை என்கிறார். சரியா?

பதில்: தம்பி பாதி கேள்விப்பட்டிருக்கிறார். வங்கிக் காசோலையைப் பிரித்தானியர் கியூ-யூ-ஈ என்று முடிக்கிறார்கள், அமெரிக்கர் சீ-கே என்று முடிக்கிறார்கள் என்பது உண்மை. காசோலைக்கும் முன்னர் சீ-கேதான் இருந்தது. அரச கருவூலத்தைக் குறிக்கும் ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் சாயல் படிந்து அது மாறியது. ஆனால் செக்ரோலில் காசோலை எங்கே இருக்கிறது? பிரட்டுக்களத்தில் பெயரைக் கூப்பிட்டு, வந்தவரைச் சரிபார்த்து, நாட்சம்பளத்தைக் குறித்துவைக்கும் பதிவேடு அது. சரிபார்ப்பது என்ற பொருளில் வரும் ‘செக்’ உலகெங்கும் சீ-கேதான். நம் முப்பாட்டன்மாரின் பெயர் ஏறிய அந்தப் பதிவேட்டைப் பிரித்தானியத் துரைமாரே சீ-கே போட்டுத்தான் எழுதினார்கள். சம்பளத் தாளின் தலைப்பை உடனே மாற்றச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டலில் நாட்டைக் கேட்கும் முன் சொல்லின் பொருளைக் கேட்க வேண்டும்.

கேள்வி (ஓர் ஆசிரியை, புசல்லாவை): கைத்தொலைபேசியில் ஈ போட்டு எழுதினாலும் சில வேளை சிவப்புக் கோடு விழுகிறதே?

பதில்: விசைப்பலகையின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருக்கலாம். அமைப்புகளுக்குள் சென்று ஆங்கிலம் – ஐக்கிய இராச்சியம் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மாணவர் கட்டுரைகளைத் தட்டச்சு செய்பவர்கள் கணினியிலும் இதைச் செய்துவைத்தால், மேலேயுள்ள தாயின் கடிதம் போன்றவை குறையும்.

கேள்வி (ஒரு மகன், கண்டி): என் தந்தைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. சிகிச்சைக் குறிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் ‘2 கிரே’ என்று, ஏ எழுத்துடன் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் ஏன் அமெரிக்க முறையில் எழுதுகிறார்கள்?

பதில்: அது நிறமும் அன்று, அமெரிக்க முறையும் அன்று. உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகுக்கு ‘கிரே’ என்று பெயர். லூயிஸ் ஹெரல்ட் கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் நினைவாக 1975இல் அனைத்துலக அளவைமுறையில் அது சேர்க்கப்பட்டது. அவர் தம் பெயரை ஏ இட்டு எழுதினார். ஆகையால் இலண்டனிலும் அந்த அலகுக்கு ஏதான். குறிப்பைத் திருத்தச் சொல்ல வேண்டாம். தந்தையார் விரைவில் நலம்பெற எங்கள் வாழ்த்துகள்.